முழங்காலுக்குச் சொல்லி வைத்தது

எழுந்திரிக்கக் கூடாது, அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, அவர் கார் வரும், கேட்டில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும், நான் இந்த நாற்காலியில் இப்போது எப்படி உட்கார்ந்திருக்கிறேனோ அப்படியே இருக்க வேண்டும், முதுகு சாய்ந்து, கை இரண்டும் நாற்காலிக் கையில், கால் கட்டைவிரல் இரண்டும் தரையை அழுத்திக்கொண்டு. மொசைக் ஜில்லென்று இருக்கிறது. இந்த ஆபீஸ் அறை மட்டும் என்றைக்கும் ஜில்லென்றுதான், அந்தப் பக்கம் மிசின் செட்டில் பஞ்சுத் தூசியில் நாங்கள் வெந்துகொண்டிருந்த காலத்திலும் இங்கே இதே குளிர்ச்சி, இதே மின்விசிறி, இதே மாலை போட்ட பெரிய முதலாளி படம். மாலை மட்டும் இப்போது பிளாஸ்டிக். மில்லை மூடி ஆறு வருசம். உள்ளே நூல் நூற்கிற முப்பத்திரண்டு ரிங் பிரேம் மிசின் துரு ஏறி நிற்கிறது, அதைப் பழைய இரும்பாகப் பிரித்து எடுத்துக்கொள்ள விலை பேச வந்திருக்கிறேன், மயிலாத்தாள், உடுமலை ரோட்டில் காயலான் கடை, இரண்டு டெம்போ, ஆறு ஆள். அதே மயிலாத்தாள் பதினாறு வயதில் இந்த மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற வைண்டிங்கில் நின்றவள். அது எதிரில் பேரேட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிற குப்பண்ணனுக்கும் தெரியும், அவர் அப்போதே இங்கே கிளார்க்கு. "காப்பி சொல்லட்டுங்களா அம்மிணி?" என்கிறார். வேண்டாமுங்கண்ணா. போன தடவை காப்பி வாங்கித்தான் கெட்டேன். "முதலாளி பத்தரைன்னா பதினொண்ணு ஆகுமுங்க." தெரியுமுங்கண்ணா, காக்க வைக்கறதும் வெலையில சேர்ந்ததுதானுங்க என்றேன், அவர் சத்தமில்லாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தார். எனக்குத் தெரியாதா, என் கடைக்கு இரும்பு கொண்டு வருகிறவனை நானும்தான் வெயிலில் நிறுத்துகிறேன், போனில் யாரோடாவது பேசுகிற மாதிரி நடிப்பேன், எதிர்முனையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே நாற்காலி, கையில் காப்பி டம்ளர், கேட்டில் ஹாரன், அடுத்த நொடி நான் நின்றுகொண்டிருந்தேன். யார் எழுப்பினார்கள்? ஒருவரும் இல்லை. புடவையெல்லாம் காப்பி. அவர் உள்ளே வந்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், "அட, வைண்டிங் மயிலாத்தாதானே?" என்றார், ஆமாங்க முதலாளி என்றது என் வாய். அதற்கப்புறம் அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நின்றுகொண்டு பேசினால் குரல் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. அவர் ஒரு விலை சொன்னார், என் தலை ஆடியது. டெம்போவில் பாதி தூரம் போனபிறகுதான் எனக்கே தெரிந்தது, தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். அட்வான்சு கொடுக்காததால் தப்பினேன், மிசினை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று போனில் இழுத்தடித்தேன். இன்றைக்குக் கடைசி. என் விலையை என் வாயால் சொல்ல வேண்டும், உட்கார்ந்து சொல்ல வேண்டும், இல்லையென்றால் போட்டிக்கு விலை கேட்கிற திருப்பூர்க்காரன் அள்ளிக்கொண்டு போவான், போகட்டும், இரும்பு போனால் வேறு இரும்பு, ஆனால் இந்த முழங்கால் என்னுடையதா அவருடையதா என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஹாரன். பீப், பீப், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. அப்போது அவர் சின்ன முதலாளி, வெள்ளை அம்பாசிடர். கேட்டில் சத்தம் கேட்டால் வைண்டிங் செட்டில் நாற்பது பேரும் எழுந்து நிற்க வேண்டும், சோற்றுப் போசியைத் திறந்து முதல் வாய் எடுத்தவளும் நிற்க வேண்டும், கையில் சோறோடு நிற்க வேண்டும். அவர் செட்டுக்குள் வருவாரா என்றால் பாதி நாள் வரமாட்டார், கார் நேராக ஆபீசுக்குப் போய்விடும், ஆனாலும் நிற்க வேண்டும். முதல் வாரம் எனக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், மேஸ்திரி எறிந்த காலி கோன் பிடரியில் வந்து விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை ஹாரன் கேட்டதும் பிடரி சுருங்கியது, கோன் வரவில்லை, ஏனென்றால் நான் நின்றுவிட்டேன். அதற்கப்புறம் கோனே தேவைப்படவில்லை அவர்களுக்கு. கிட்டம்மாளுக்கு மட்டும் ஒரு நாள் தேவைப்பட்டது. காய்ச்சல் அவளுக்கு, பாபின் பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஹாரன் அடித்தது, அவள் எழவில்லை, அன்றைக்குப் பார்த்து அவர் உள்ளே வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. பார்த்தார், போனார். மேஸ்திரி அவளை அந்தப் பெட்டி மேலேயே ஏற்றி, எங்களைப் பார்க்கத் திருப்பி, ஷிப்ட் முடிகிறவரை நிற்க வைத்தான். அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. நான், நான் என்ன செய்தேன், மேஸ்திரி என் பக்கம் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். ஒருத்தியை நிறுத்தினால் முப்பத்தொன்பது பேர் இலவசமாகப் படித்துக்கொள்கிறோம், அந்தக் கணக்கு முதலாளிக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. சரி, அதை இப்போது எதற்கு எடுக்கிறேன். மணி பத்து நாற்பது. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் மில் பேர் எழுதியிருக்கிறது. கால் ஜில்லென்று இருக்கிறது. ஆடாதே.

மோனிஷாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் மகள், கோயமுத்தூரில் சைக்காலஜி படிக்கிறாள், மூன்றாம் வருசம், லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். காப்பி கொட்டிய புடவையோடு போய் நின்றதும் என்னம்மா என்றாள், சொன்னேன், சொன்னதும் அவள் முகம் கல்யாணம் நிச்சயமான பெண் முகம் மாதிரி மலர்ந்தது, "அம்மா, இது அப்படியே என் புஸ்தகத்துல இருக்கும்மா!" என்றாள். ரஷ்யாக்காரர் ஒருத்தராம், நாய்க்குச் சோறு வைக்கிறபோதெல்லாம் ஒரு மணிச் சத்தம் கேட்கும்படி செய்தாராம், கடைசியில் சோறு இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். "ஆக்கநிலையுறுத்தல்னு சொல்லுவாங்க" என்றாள். சொல்வதற்கே பல் சுளுக்குகிறது. அப்ப நான் நாயா என்றேன். "ஐயோ, எல்லாருந்தாம்மா." எல்லாருமா? நான் ஒன்று கேட்டேன், பதில் சொல்லச் சொல்லு உன் வாத்தியாரை, மணி அடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறியது, சரி, மணி அடித்ததும் அந்த மனுசன் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாரே, அவரைப் பழக்கியது யார்? நாய்தானே? இதைப் பரீட்சையில எழுதினா மார்க்கு போடமாட்டாங்கம்மா என்றாள். போடமாட்டார்கள், எனக்குத் தெரியும், கேள்வி கேட்பதற்கு எங்கேயும் மார்க்கு இல்லை. இன்னொன்று சொன்னாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூண்டில் போட்டு நாய்க்கு ஷாக் கொடுத்தார்களாம், தப்பிக்க வழியே இல்லாமல், பிறகு தாண்டினால் தப்பலாம் என்கிற மாதிரி வழி விட்டும் அது போகவில்லையாம், படுத்துக்கொண்டு முனகியதாம். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எந்த நாய்? எல்லா நாயுமா? எண்ணிப் பார்த்தானா? நான் தாண்டினேனே! பத்தொன்பது வயதில் ஒரு நாள் காலையில் சங்கு ஊதியது, நான் போகவில்லை, அவ்வளவுதான், தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்தேன், பழைய இரும்பு ஈயம் பித்தளை என்று தெருத்தெருவாகக் கத்தினேன். "சிலது தாண்டிருச்சும்மா, அதுவும் போட்டிருக்கு" என்றாள் மெதுவாக. அதை முதலில் சொல்வதற்கென்ன. ஆனால் அவளிடம் ஒன்றை நான் சொல்லவில்லை, வண்டி தள்ளிய முதல் வருசம் முழுக்க, எந்தத் தெருவில் நின்றாலும், ஏழரைக்கு மில் சங்கு ஊதினால் வண்டியின் முன்சக்கரம் மில் பக்கம் திரும்பிவிடும். நான் திருப்பவில்லை. வண்டி திரும்பும்.

அப்புறம்தான் பயிற்சி. "கோன் வராம ஹாரன் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டா அது அணைஞ்சு போயிரும்மா" என்று போனில் அந்தச் சத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள், பழைய அம்பாசிடர் ஹாரன், எங்கே பிடித்தாளோ. மூன்று வாரம். நான் சாப்பிட உட்கார்ந்தால் பீப் பீப். டிவி பார்த்தால் பீப் பீப். முதல் நாள் தோசைத் திருப்பியோடு எழுந்து நின்றேன், அவள் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதினாள். பத்தாவது நாள் பிடரி மட்டும் சுருங்கியது. இருபதாவது நாள் ஒன்றுமில்லை, அடிடி இன்னொரு தடவை என்றேன், அடித்தாள், தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ராணி மாதிரி. உடனே என் ராணித்தனத்தில் ஊசி குத்தினாள், "அங்க போனா திரும்ப எட்டிப் பார்க்கும்மா, அணைஞ்சது செத்ததில்ல, அந்த ரூம், அந்த வாசம் எல்லாம் சேர்ந்தா வந்தாலும் வரும்." வரட்டும். வந்தால் வாசலில் நிற்கட்டும். அது மட்டும் இல்லை, பிஸ்கட்டைப் பற்றியும் சொன்னாள். சின்ன முதலாளி மாசத்தில் ஒரு நாள் செட்டுக்குள் வந்து எதிரில் பட்டவளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுப்பார், என்றைக்கு வருவார், யாருக்குக் கொடுப்பார், ஒன்றும் சொல்ல முடியாது, எனக்கு மூன்று வருசத்தில் இரண்டு தடவை கிடைத்தது, அந்த உறையை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். "தினம் கிடைச்சிருந்தா நீ எப்பவோ மறந்திருப்பே, எப்பவாச்சும் கிடைக்கறதுதாம்மா இறுக்கிப் பிடிக்கும்" என்றாள். அடி போடி, அதை நீ எனக்குச் சொல்கிறாயா, நான் இருபத்தைந்து வருசமாக அதை வைத்துத்தானே கடை நடத்துகிறேன். பொள்ளாச்சி சுப்பான் இரும்பு கொண்டு வந்தால் ஒன்பது தடவை கறாராகப் பேசுவேன், பத்தாவது தடவை அவன் கேட்காமலே கூட்டிக் கொடுத்து, உங்க முகத்துக்காகங்க என்பேன், அவன் அந்த ஒரு தடவைக்காக வேறு கடை வாசலை மிதிக்க மாட்டான். இதற்குப் பட்டப் படிப்பா? நான் அனுபவத்தில் படித்தேன். அனுபவத்திலா? இல்லை. இவரிடம்தான் படித்தேன். இந்த நாற்காலிக்கு எதிரே காலியாக இருக்கிறதே, அந்தச் சுழல் நாற்காலியிடம் படித்தேன்.

அதோடு விட்டாளா. இருபத்தோராவது நாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு சத்தம் இருக்கும்மா" என்றாள். என்னடி? "உன் டெம்போ ரிவர்ஸ் சத்தம்." நான் சாயந்தரம் வந்து வண்டியைப் பின்னால் எடுத்து வீட்டோடு சேர்ந்த கடை யார்டுக்குள் விடுவேன், அது கீ கீ என்று ஒரு பாட்டு பாடும், கம்பெனியில் போட்டுக் கொடுத்தது. அது கேட்டால் இவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாளாம். சின்ன வயதிலிருந்து. கை தானாகப் போய் டிவியை அணைக்குமாம். நான் உன்னை அடிச்சிருக்கேனா என்றேன். "அடிச்சதில்ல. யாரையோ திட்டிட்டே உள்ள வருவே, கையில இருக்கறதை எறிவே. என் மேல எறிஞ்சதில்ல." எதை எறிந்தேன் என்று கத்தினேன், கத்தும்போதே கையிலிருந்த டம்ளர் சுவரில் போய் விழுந்தது. மோனிஷா நோட்டைத் திறந்தாள். தேதி போட்டாள். சனியனே, என்னை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் கட்டர் எடுத்து அந்த ரிவர்ஸ் ஒயரை வெட்டி எறிந்தேன், சாயந்தரம் சத்தமில்லாமல் பின்னால் வந்து பக்கத்து வீட்டுக் கோழி மேல் ஏற்றப் பார்த்தேன், அவர்கள் வந்து சண்டை. மோனிஷா வாசலில் நின்று பார்த்தாள், "சத்தத்தைக் கழட்டிட்டா போதுமாம்மா?" போதாது. தெரியும். போடி. எனக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வரும், முதலில் இந்த ஹாரன், அப்புறம் அந்தப் பாட்டு. கோன் எறிந்தவன் கை வேறு, என் கை வேறு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மணி பத்து ஐம்பத்தைந்து. விரல் ஏன் இப்படி ஜில்லிட்டுப் போகிறது.

குப்பண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், பேரேட்டைப் பார்க்கிறார், அதில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, மூடிய மில்லில் என்ன எழுதுவார். "சங்கு நின்னு ஆறு வருசமாச்சுங்க அம்மிணி, இன்னும் ஏழரைக்கு வயித்தைக் கலக்குதுங்க, எங்கூட்டுக்காரி சங்குன்னே கூப்புடறா என்னை" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். ரிட்டயர் ஆகிப் போயிருக்கலாமுல்லங்கண்ணா என்றேன். "போனனுங்க. நாலு நாள் இருந்தேன். அஞ்சாம் நாள் காலுதான் இங்க கொண்டாந்து விட்டுருச்சு" என்று மேசைக்கடியில் காலைக் காட்டினார். வெறுங்கால். பித்தவெடிப்பு. வெறுங்காலா? ஆமாம், மறந்தே போய்விட்டது, ஆபீஸ் படிக்குக் கீழே ஒரு சிமெண்ட்டுத் திட்டு இருக்கும், அங்கேதான் ஆபீஸ் ஆளும் மில் ஆளும் செருப்பை விட வேண்டும், பஞ்சு வாங்க வருகிறவர்கள், நூல் புரோக்கர், பேங்குக்காரர்கள் ஷூவோடு உள்ளே போவார்கள். செருப்பை விட்டுவிட்டு வா என்று எழுதியிருக்காது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். பாவம் மனுசன், முப்பத்தைந்து வருசமாக இந்தத் தரையில் வெறுங்கால், அதுதான் வெடித்திருக்கிறது, இந்த மொசைக் எலும்புக்குள் ஏறும் குளிர்ச்சி, எனக்கே பார், விரலெல்லாம் ஜில்லென்று, ஜில்லென்று. எப்படி ஜில்லென்று? எனக்கு எப்படித் தெரிகிறது? நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. பார்த்தேன். பத்து விரலும் மொசைக் மேல். மோனிஷா இன்றைக்கென்றே வாங்கிக் கொடுத்த வார்ச்செருப்பு, இரண்டு பக்கிள், சும்மா உதறிவிட முடியாது, குனிந்து ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். என் யார்டில் எவனாவது வெறுங்காலோடு வந்தால் ஆணி ஏறிச் சாகப்போறியா என்று அவனைக் கிழித்துத் தொங்கவிடுகிற நான், இந்த வாசலில் குனிந்து, நான்கு விரலால் பக்கிள் தள்ளி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன், எப்போது? ஞாபகமே இல்லை. படி ஏறியது ஞாபகம் இருக்கிறது. முழங்காலுக்கு மூன்று வாரம் சொல்லி வைத்தேன், கால் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்து தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டது. போன தடவையும் கழற்றித்தான் இருப்பேன். அன்றைக்கு எழுந்ததால் தோற்றேன் என்று நினைத்தேன், இல்லை, படியிலேயே தோற்றுவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும், இரண்டு நிமிசம் போதும், வாசல் பக்கம் மூன்று எட்டு வைத்தேன், பீப். மூச்சு இடைவெளி. பீப். குப்பண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நானும் நின்றுகொண்டிருக்கிறேன், அறைக்கு நடுவில், வெறுங்காலோடு. பிடரி சுருங்கிவிட்டது. கேட்டிலிருந்து வாசலுக்கு ஒரு நிமிசம், வேப்பமர வரிசை, டயர் சரளையில் நொறுங்குகிற சத்தம் வருகிறது. திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாம், புடவைக் கரையால் காலை மூடிக்கொள்ளலாம், அவருக்குத் தெரியாது. "உக்காந்துக்குங்க அம்மிணி" என்று குப்பண்ணன் மெல்லச் சொன்னார், அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதலாளிக்குத் தெரியாது, சரி, எனக்குத் தெரியுமே. மூடி வைத்த காலோடு நான் என்ன விலை சொல்வேன்? வெளியே நடந்தேன். கார் நின்றது. நான் படியிறங்கித் திட்டின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, குனிந்து, இடது பக்கிள், வார் துளையில் நுழைய மாட்டேன் என்கிறது, கார்க் கதவு சாத்துகிற சத்தம், கைத்தடி சத்தம், டக், டக், நுழைந்தது. வலது செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைத்துக் குனிந்தேன், அதன் வார் புழுதியில் நீண்டு கிடந்தது. பளபளவென்று கறுப்பு ஷூ ஒன்று என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. "இருக்கட்டும் இருக்கட்டும் மயிலாத்தா, காலிலெல்லாம் விழ வேண்டாம், நல்லா இரு" என்றார், தலைக்கு மேலே கை நீண்டிருக்கும், நிழல் தெரிந்தது. என்ன செய்வேன், சிரிப்பு வந்தது. பல் தெரியாத சிரிப்பு. கிட்டம்மா, பார்த்தாயா. "செருப்பு மாட்டறனுங்க" என்றேன் நிமிராமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வார் மேல மிதிச்சிருக்கீங்க." ஒன்றும் அசையவில்லை. நானும் அசையவில்லை. எத்தனை நேரம் இருக்கும், ஒரு கோன் பறந்து வந்து விழுகிற நேரம். பிறகு அந்தக் கறுப்பு ஷூ எழும்பி, ஒரு அடி பின்னால் போய் நின்றது.

வாரை உருவி, புழுதியைத் துடைத்து, நிதானமாகப் பக்கிள் போட்டேன். அவருக்கு முன்னால் படி ஏறினேன், மொசைக்கில் டக் டக் என்றது என் செருப்பு, குப்பண்ணன் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார், போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்து. முதலாளி உள்ளே வந்து சுழல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எழுவேன் என்று ஒரு பழக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் அது தெரியாது, அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள், அவர் மகள் சைக்காலஜி படிக்கவில்லை போலிருக்கிறது. "உக்காருங்க, பேசலாம்" என்றேன். குரல் மேலேயே நின்றது. மேசைக்கு அடியில் முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடுகின்றன, செருப்பு தரையில் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்கிறது, அவருக்கும் கேட்கும், கேட்கட்டும். ஆடட்டும். உட்கார்ந்துகொண்டு ஆடட்டும்.